தெம்வாவின் ஒன்பது கடிதங்கள்

இன்வர்கெய்ல், ஸ்காட்லாந்து
செப்டம்பர் 14, 1999

அன்புள்ள ஹெட்மாஸ்டர் கும்வெண்டா அவர்களுக்கு,

நல்ல செய்தி. உங்கள் பள்ளிக்கு இருபத்துநான்கு டெஸ்க்குகள்! எங்கள் குழுவில் இருப்பதே மொத்தம் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்கு முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனாலும் சாதித்துவிட்டோம். கேக் விற்றோம், கொட்டுகிற மழையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். கடைசியில் நான் ஒரு நாள் முழுக்க வாயே திறக்காமல் இருப்பதாகப் பந்தயம் கட்டினேன். ஊரே சந்தோஷமாக நன்கொடை கொடுத்தது. "இன்னும் ஒரு நாள் சேத்து இருந்துடேன் மோராக், ரெண்டு மடங்கு தர்றேன்" என்றார் கறிக்கடைக்காரர். அந்த ஆளைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்துபோனால் கடலைப் பார்த்தாற்போல ஒரு பெஞ்ச் போடுவோம். அவர் பெயரையும், பிறந்த வருஷம் இறந்த வருஷத்தையும் பித்தளைத் தகட்டில் பொறித்து அதில் பதிப்போம். இப்போது கடற்கரையில் இடமே இல்லை. பெஞ்சுக்குப் பதில் உங்கள் பள்ளி டெஸ்க் என்று எனக்குத்தான் தோன்றியது. சொன்ன ஒரே வாரத்தில் இருபத்துநான்கு குடும்பங்கள் முன்வந்துவிட்டன! தகடுகள் பார்சலில் வருகின்றன. டெஸ்க் செய்கிற உங்கள் பக்கத்துத் தச்சரை விட்டே ஒவ்வொரு டெஸ்கின் முன்பக்கமும் திருகாணி போட்டுப் பதித்துவிடுங்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற போட்டோ எங்களுக்கு அவசியம் வேண்டும்.

ஒரு தகடு என் மகன் ஸ்ட்ரூவனுடையது. அவனுக்குப் பத்து வயது. இதற்கு மேல் எழுத மாட்டேன். ஜன்னலோரமாக வையுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையாகப் பார்த்து உட்காரவையுங்கள். அந்தப் பிள்ளை எப்போதாவது எனக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மோராக் ரென்னி


சிகும்பா தொடக்கப் பள்ளி, மலாவி
நவம்பர் 20, 1999

மதிப்பிற்குரிய ரென்னி அம்மையார் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் நலம். மழை மட்டும் இன்னும் வரவில்லை.

டெஸ்க்குகள் சென்ற செவ்வாய்க்கிழமை லாரியில் வந்து சேர்ந்தன. லாரியின் பின்னாலேயே பிள்ளைகள் ஆற்றுப் பாலம் வரை ஓடினார்கள். ஊர்த்தலைவர் வந்து ஒரு டெஸ்கைக் கையால் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

தகடுகளைத் தாங்கள் சொன்னபடியே பதித்தாகிவிட்டது. பெற்றோர் சிலர் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டேன்.

ஸ்ட்ருவான் டெஸ்கை ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். அதில் தெம்வா என்ற பெண் உட்காருகிறாள். நான்காம் வகுப்பு, பத்து வயது. போட்டோவில் பல் தெரியச் சிரிப்பவள் அவள்தான். மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் விறைப்பாக இருப்பதற்கு மன்னிக்கவும். கேமராவைக் கண்டு கூச்சம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஹேஸ்டிங்ஸ் கும்வெண்டா


இன்வர்கெய்ல்
ஏப்ரல் 3, 2000

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

போட்டோவை மீன்கடை ஜன்னலில் ஒட்டிவைத்திருக்கிறோம். ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் தெம்வாவின் இரண்டு வரி எங்கே? கிறிஸ்துமஸுக்குக் கலர் பென்சில் அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு ஸ்வெட்டர். ஒன்றுக்கும் பதிலில்லை. தபால்காரர் என் வீட்டு வாசலைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

நச்சரிக்கிறேன் என்று தெரிகிறது. நச்சரிப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இது வேறு. அவள் கையால் ஒரே ஒரு வரி போதும். தயவுசெய்து.

மோராக் ரென்னி


சிகும்பா
மே 22, 2000

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்த மழைக்காலம் எங்களுக்குக் கடினமாகப் போயிற்று. தெம்வாவின் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவசரத்தில் எழுதுகிறேன்.

ஹே. கும்வெண்டா

அன்புள்ள ரென்னி அம்மா, நான் தெம்வா. நான் நலம். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து வகுப்பைப் பெருக்குகிறேன். ஸ்ட்ருவான் டெஸ்கைத் துணியால் துடைக்கிறேன். ஜன்னல் வழியே மாமரம் தெரியும். எனக்குக் கணக்கு மிகவும் பிடிக்கும். ஸ்ட்ருவானுக்குக் கணக்குப் பிடிக்குமா? கலர் பென்சிலுக்கு நன்றி. இப்படிக்கு, தெம்வா.


இன்வர்கெய்ல்
டிசம்பர் 10, 2001

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

தெம்வாவின் ஒன்பதாவது கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் வழக்கம்போல எழுந்து நின்று வாசித்தேன். பரீட்சையை நினைத்து வயிறு கலங்குகிறது என்று எழுதியிருந்தாளே, அந்த இடத்தில் எங்கள் குழுவின் ஷீனா மூக்கைச் சிந்தினாள். ஷீனா அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஸ்ட்ரூவனுக்குக் கணக்கு என்றாலே வயிற்று வலி வந்துவிடும் என்று அவளுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். பரீட்சையன்று அதை நினைத்துச் சிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் நர்ஸ் கேட்ரியோனா பிப்ரவரியில் விடுமுறைக்கு உங்கள் ஏரிப்பக்கம் வருகிறாள். ஒரு நாள் ஒதுக்கிச் சிகும்பாவுக்கு வந்து தெம்வாவைப் பார்ப்பாள். கையில் ஒரு ஜோடி ஷூ கொடுத்துவிடுகிறேன். காகிதத்தில் அவள் பாதத்தை வரைந்து அனுப்புங்கள். பன்னிரண்டு வயதுக் கால் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு வாய்க்கவில்லை.

மோராக்


சிகும்பா
ஜனவரி 8, 2002

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

கேட்ரியோனா அவர்கள் வருவது எங்களுக்குப் பெரும் கௌரவம். ஆனால் இவ்வருட மழையில் ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாதை ஆபத்தானது. தயவுசெய்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷூவைத் தபாலில் அனுப்பினால் சேர்ப்பித்துவிடுகிறேன். பாதம் வரைந்த காகிதம் பிறகு வரும்.

ஹே. கும்வெண்டா


இன்வர்கெய்ல்
மார்ச் 2, 2002

திரு. கும்வெண்டா அவர்களுக்கு,

பாலம் கல் மாதிரி நிற்கிறதாம். கேட்ரியோனா அதன்மேல் நடந்துதான் வந்திருக்கிறாள். நீங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்த நாளில் உங்கள் பள்ளிக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். தரையில்! எங்கள் டெஸ்க் இருபத்துநான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு பூட்டிய அறையில் கிடக்கின்றன. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒன்றில்கூடத் தகடு இல்லை.

"தெம்வா யாரு?" என்று கேட்டதும் வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டதாம். ஒரு பெண் எழுந்து வெளியே ஓடிவிட்டாளாம். உங்கள் உதவி ஆசிரியர், "ஹெட்மாஸ்டர் வரட்டும், அவர்கிட்டயே கேளுங்க" என்று ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார்.

என்ன செய்தீர்கள்? தகட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டீர்களா? டெஸ்கை யாருக்காவது பேசி முடித்துவிட்டீர்களா? என் பின்னால் மழையில் நடந்தவர்களுக்கு எழுபது வயது, ஐயா. அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? தெம்வா எங்கே? அவள் எனக்கு ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறாள். அவளை என்ன செய்தீர்கள்?

சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

மோராக் ரென்னி


சிகும்பா
மார்ச் 29, 2002

ரென்னி அம்மா,

சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னீர்கள். தெம்வா இறந்துவிட்டாள். 2000 ஜனவரியில், மலேரியாக் காய்ச்சலில், மூன்றே நாளில். உங்களுக்கு வந்த கடிதங்கள் ஒன்பதும் நான் எழுதியவை.

இந்த மூன்று வாக்கியங்களை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

தகடுகளை நான் விற்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கள் டெஸ்க்குகளைச் செய்த தச்சர்தான் இந்த வட்டாரத்துக்கே சவப்பெட்டி செய்கிறவர். அதே பலகை, அதே வார்னிஷ். ஒரு பெயரும் அதன் கீழே இரண்டு வருஷமும் பொறித்த பித்தளைத் தகடு எங்கள் ஊரில் ஒரே இடத்தில்தான் இருக்கும், பெட்டியின் மூடியில். பார்சலைப் பிரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இத்தன செத்தவங்கள எதுக்கு நம்ம பிள்ளைங்க மடியில வைக்கிறாங்க? இது நமக்கு ஆகாதுன்னு இன்னிக்கே எழுதிப் போடுங்க" என்றாள்.

நான் எழுதவில்லை. நீங்கள் மழையில் நடந்திருந்தீர்கள். கேக் விற்றிருந்தீர்கள். உங்கள் மகன் பெயர் எங்களுக்கு வேண்டாம் என்று எந்தக் கையால் எழுதுவது? கை நீட்டி வாங்குகிறவனுக்கு வேண்டாம் என்ற சொல் வாயில் வராது, அம்மா. பெற்றோர் கேட்டபோது, "அதெல்லாம் நன்கொடை குடுத்தவங்க பேரு" என்று சொன்னேன். "அப்ப ரெண்டு வருஷம் எதுக்கு சார் போட்டிருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவரை முறைத்து உட்காரவைத்தேன்.

ஆனாலும் ஒரு பிள்ளையும் டெஸ்கில் உட்காரவில்லை. நீங்களோ போட்டோ கேட்டிருந்தீர்கள். தெம்வாவைக் கூப்பிட்டேன். "நீ தைரியசாலி, நீ உக்காந்தா எல்லாரும் உக்காருவாங்க" என்றேன். அவள் உட்கார்ந்தாள். மற்றவர்களைப் பிரம்பைக் காட்டி உட்காரவைத்தேன். அன்று சாயந்தரமே அவள் அம்மா சந்தையிலிருந்து மீன் கூடையோடு வந்துவிட்டாள். "சார், எம் பொண்ண எந்திரிக்கச் சொல்லுங்க. அது செத்துப்போன பிள்ளையோட எடம். அது இவளக் கூப்பிட்டுக்கும்" என்றாள். நான் சிரித்தேன். "படிக்காதவங்க மாதிரிப் பேசாதீங்க" என்றேன். அந்த அம்மாள் படிக்காதவள்தான்.

இரண்டு மாதத்தில் காய்ச்சல். கொசுதான் காரணம், நான் படித்தவன், எனக்குத் தெரியும். சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வழியிலேயே போய்விட்டாள். அடக்கத்தன்று அவள் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் ஒரு பிள்ளையும் டெஸ்கில் உட்காரவில்லை. தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு திருகாணி ஓட்டைகள் தெரிந்தன. மெழுகு வைத்து அடைத்தேன். பிள்ளைகள் நகத்தால் நோண்டி எடுத்துவிட்டார்கள். கடைசியில் அறையில் போட்டுப் பூட்டினேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அவள் கையால் ஒரே ஒரு வரி என்று. உங்களுக்கு ஒரு பிள்ளை ஏற்கெனவே போய்விட்டது. அவன் இடத்தில் உட்கார்ந்தவளும் போய்விட்டாள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு கடிதத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் எழுதினேன். நீங்கள் அத்தனை சந்தோஷமாகப் பதில் போட்டீர்கள்.

உங்கள் ஸ்வெட்டர் என் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கவே எனக்குக் கூசுகிறது. மன்னிப்புக் கேட்கிற தகுதி இல்லாததால் கேட்கவில்லை.

ஹேஸ்டிங்ஸ் கும்வெண்டா


இன்வர்கெய்ல்
ஏப்ரல் 21, 2002

அன்புள்ள ஹேஸ்டிங்ஸ்,

இப்படி அழைக்கலாம் அல்லவா? இனி நமக்குள் என்ன மரியாதை மிச்சம் இருக்கிறது?

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது என் முறை. இதைப் படித்த பிறகு நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

அந்தக் கடிதங்கள் உங்களுடையவை என்று எனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே தெரியும். என் மகன் பெயரை நீங்கள் எப்போதும் ஸ்ட்ருவான் என்றுதான் எழுதுவீர்கள். தெம்வாவும் ஸ்ட்ருவான் என்றே எழுதினாள். தினமும் அந்தத் தகட்டைத் துடைக்கிற பிள்ளை அவன் பெயரை எப்படித் தப்பாக எழுதுவாள்? படித்த அந்த நிமிஷமே மனசில் சுருக்கென்றது. மடித்து வைத்துவிட்டு டீ போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எழுந்து நின்று அதை வாசித்தேன். ஸ்ட்ரூவன் என்று நானே திருத்தி வாசித்தேன்.

ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால் கடிதம் நின்றுவிடும். அவளுக்குப் பதினொரு வயதானபோது எனக்குள் ஸ்ட்ரூவனுக்கும் பதினொன்று ஆயிற்று. ஷூ அளவு கேட்டேனே, அது யாருக்கென்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்தும், இரண்டு வருஷம் நான் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. எனக்கு வேண்டியது வந்துகொண்டிருந்தது, அதனால். மார்ச் மாதம் உங்களைத் திருடன் என்கிற அளவுக்குக் கத்தினேன். என் குற்றத்தை அமுக்க எனக்கு அவ்வளவு சத்தம் தேவைப்பட்டது. வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

போன ஞாயிறு ஹாலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகடு என் யோசனை என்பதையும், எனக்குத் தெரியும் என்பதையும். நான்கு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. ஷீனா என்னோடு பேசவில்லை. கறிக்கடைக்காரர் மட்டும் வந்து, "நீ அன்னிக்கு ரெண்டாவது நாளும் வாயத் தெறக்காம இருந்திருக்கலாம் மோராக்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

தகடுகளை அனுப்பிவிடுங்கள். டெஸ்க்குகளை இழைத்து, ஓட்டைகள் இருக்கும் பலகையை மாற்றுங்கள். அந்தச் செலவு எங்களுடையது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், அதையும் நான் கற்றுக்கொள்கிறேன். ஒன்பது கடிதங்களையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. எரித்துவிடுங்கள். தெம்வாவின் அம்மாவிடம் நான் என்ன சொன்னால் தகும் என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் என் சார்பில் சொல்லுங்கள்.

மோராக்


சிகும்பா
ஜூன் 2, 2002

அன்புள்ள மோராக் அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நிமிர்ந்து உட்காரலாம் என்று எழுதியிருந்தீர்கள். உட்கார முடியவில்லை. ஆனால் தனியாகக் குனிந்திருப்பதற்கும் இரண்டு பேராகக் குனிந்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தகடுகளைத் தபாலில் சேர்த்துவிட்டேன். டெஸ்க் விஷயமாக ஊர்த்தலைவர் அடுத்த வாரம் கூட்டம் போட்டிருக்கிறார். என்ன முடிவாகுமோ தெரியாது. பலகையை மாற்றினால் போதாது, காலோடு மாற்ற வேண்டும் என்கிறார்கள் சிலர்.

கடிதங்களை நான் எரிக்கவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தெம்வாவின் அம்மா வீட்டுக்குப் போனேன். எரிப்பதென்றால் அந்த அம்மாள் எரிக்கட்டும் என்று நினைத்தேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக என்னைக் கண்டால் சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். உட்காரச் சொல்லவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். உன் மகள் பெயரில் வெள்ளைக்கார அம்மாவுக்கு இரண்டு வருஷம் கடிதம் எழுதினேன் என்றேன். நீங்கள் தெரிந்தே படித்தீர்கள் என்பதையும், உங்கள் வெட்கத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவள் சோளம் உதிர்ப்பதை நிறுத்தவில்லை. எழுந்து செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் காயிதமெல்லாம் இப்ப எங்க?" என்றாள். காட்டினேன்.

"படிங்க" என்றாள்.

அம்மா, நான் இருபத்தாறு வருஷமாக வாத்தியார். எத்தனையோ அதிகாரிகள் முன்னால் வாய்விட்டு வாசித்திருக்கிறேன். அன்றைக்கு எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆங்கிலத்தில் எழுதியதை எங்கள் பாஷையில் மாற்றி மாற்றிச் சொன்னேன். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து வகுப்பைப் பெருக்குகிறேன் என்ற இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"யாரு, அவளா? அவ என்னிக்கு சார் தொடப்பத்தத் தொட்டா? பெருக்கச் சொன்னா மாமரத்து மேல ஏறி உக்காந்துக்குவா."

கணக்குப் பிடிக்கும் என்று படித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "கணக்கா! உப்பு வாங்கப் போனா மிச்சச் சில்லறைய எண்ணி வாங்கிட்டு வரத் தெரியாது அவளுக்கு. கடைக்காரன் குடுத்ததுதான் கணக்கு. என்ன சார் நீங்க, உங்க கிளாஸ்லதான இருந்தா?"

தொண்ணூறு பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எப்போதும் பல் தெரியச் சிரிப்பாள். கெட்டிக்காரி என்று உங்களுக்கு ஆள் தேடியபோது அதைத்தான் பார்த்தேன். அந்த அம்மாளிடம் இதையும் சொல்லிவிட்டேன். "ம்" என்றாள். "மேல படிங்க."

ஒன்பதையும் படித்தேன். இடியைக் கண்டு பயம் என்று எழுதியிருந்தது தப்பாம், கோழியைக் கண்டால்தான் பயமாம். சீருடை முட்டிக்கு மேல் ஏறிவிட்டது என்று ஆறாவது கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கு அவள் ஒன்றும் திருத்தம் சொல்லவில்லை. "ஆமா, எங்க அக்கா மகளும் இப்பிடித்தான் கிடுகிடுன்னு வளந்துட்டா" என்று சொல்லி, இடுப்பில் சுற்றியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிக் கடிதம் முடிந்தது. காகிதங்களை மடித்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அவற்றை எடுத்து, தலைகீழாகப் பிடித்தபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"பரீட்சை வருது, வயித்தக் கலக்குதுன்னு எழுதியிருக்காளே. அதுக்கப்புறம் காயிதம் இல்லையா சார்?"

"இல்லம்மா."

"பாஸ் பண்ணிட்டாளா?"

இனி ஒரு பொய் சொல்வதில்லை என்று உங்களுக்குக் கடிதம் எழுதிய அன்று சத்தியம் செய்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ் பண்ணிட்டாம்மா" என்றேன். "கணக்குல மட்டும் கொஞ்சம் கம்மி."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி சோளத்தைக் கையில் எடுத்தாள்.

ஹேஸ்டிங்ஸ்